நம்பியின் தோழன்

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது திருநாரையூர். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீர் வீராணம் ஏரியை நிரப்ப, அதை நம்பி நெல் விளைகிற பூமி. அந்த ஊர்ச் சிவன் கோயிலில் பொல்லாப் பிள்ளையார் சன்னதி உண்டு. அங்கே பூசை செய்துவந்த ஆதிசைவர் ஒருநாள் வெளியூர் போக நேர்ந்தது. அன்றைய பூசையைத் தன் சிறு பையனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பையன் பூசை செய்தான், நைவேத்தியத்தை முன்னால் வைத்தான், பிள்ளையார் சாப்பிடட்டும் என்று காத்திருந்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது. தன்னிடம் ஏதோ குறை என்று அழுதான், கெஞ்சினான், கடைசியில் கல்லில் தலையை மோதிக்கொள்ளப் போனான். பிள்ளையார் அவனைத் தடுத்து, வைத்ததையெல்லாம் உண்டார். கதை அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, இனிப் போனால் ஆசிரியர் அடிப்பார், நீரே எனக்குப் பாடம் சொல்லிக்கொடும் என்று பையன் கேட்க, பிள்ளையார் சொல்லிக்கொடுத்தார். தேவாரத்தைத் திருமுறைகளாக வகுத்தவர் என்று சைவ மரபு போற்றும் நம்பியாண்டார் நம்பிதான் அந்தப் பையன். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் இதைச் சொல்கிறது.

இன்றைக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் நாலு வயதுப் பிள்ளை, "அவனுக்கும் ஒரு தட்டு வைம்மா" என்று, யாரும் உட்கார்ந்திராத இடத்தைக் காட்டி அடம்பிடித்தால் என்ன நடக்கும்? ஒரு வீட்டில் சிரிப்பார்கள். ஒரு வீட்டில் பொய் சொல்லாதே என்று அதட்டுவார்கள். இன்னொரு வீட்டில் அப்பாயிக்கு முகம் மாறிவிடும். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போனாயா, மதகுப் பக்கம் தனியாக நின்றாயா என்று விசாரித்துவிட்டு, சாயங்காலமே கயிறு மந்திரிக்க ஆள் தேடுவார். மூன்று வீட்டிலும் நடக்காமல் போவது ஒன்றுதான். அந்தத் தோழன் யார், எப்படி இருப்பான், எப்போது வருவான், என்ன பேசுவான் என்று பிள்ளையிடமே பொறுமையாகக் கேட்பவர் யாரும் இல்லை. குழந்தையின் கண்ணுக்கு மட்டும் தெரியும் தோழன் வெறும் கற்பனையைவிடக் கூடுதலான ஒன்று என்றே நான் சொல்வேன். அந்தக் கூடுதலை ஆவியிலோ முற்பிறவியிலோ தேடத் தேவையில்லை. அவன் குழந்தைக்காக ஓர் உண்மையான வேலையைச் செய்கிறான். அவன் நல்லவனாகவே இருந்து விடைபெறுவானா, பயமுறுத்துகிறவனாக மாறுவானா என்பதில் வீட்டுப் பெரியவர்களின் காதுக்கும் வாய்க்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஆய்வுகளும் இதைக் காட்டுகின்றன. காவிரிக் கரையின் பழைய கதைகளும் கூர்ந்து படித்தால் இதையே காட்டுகின்றன.

முதலில் ஆய்வுகள். இப்படிப்பட்ட தோழன் வந்தால் பிள்ளை தனிமையில் வாடுகிறது, மனம் கோணியிருக்கிறது என்று மேலை நாட்டு மருத்துவர்களும் நெடுங்காலம் கவலைப்பட்டதுண்டு. அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் பல ஆண்டுகள் குழந்தைகளிடமே உட்கார்ந்து பேசி, 1999இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏழு வயதுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி ஒரு தோழன் இருந்த குழந்தைகள் 65 சதவீதம். பொம்மைக்குப் பெயரும் குணமும் கொடுத்து அதோடு வாழ்வதையும் சேர்த்த கணக்கு இது. அந்தத் தோழர்களில் சிலரைப் பெற்றோர் கேள்விப்பட்டதுகூட இல்லை. டெய்லரும் ஸ்டெஃபனி கார்ல்சனும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்த வகை விளையாட்டில் ஊறிய நாலு வயதுப் பிள்ளைகள், எனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதைப் புரிந்துகொள்வதில் மற்றப் பிள்ளைகளைவிட முந்தி நின்றார்கள். இல்லாத ஒருவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று நாள் முழுக்க யோசிக்கிற பிள்ளைக்கு, எதிரே இருக்கிறவரின் மனசும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிபடுவதில் வியப்பில்லை.

இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்வது வேறொன்று. ஆய்வாளர் மிக அக்கறையாகக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கும்போது, குழந்தை இடைமறித்து, இது நிஜமில்லை, சும்மாதான் என்று அவருக்கு விளக்குகிறது. பெரியவர் ஏமாந்துவிடுவாரோ என்ற கவலை அதற்கு. அதே குழந்தை அடுத்த நிமிடமே, அவன் இன்றைக்கு வரமாட்டேன் என்கிறான், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, என் பொம்மையைக் கெடுத்துவிட்டான் என்று குறைப்பட்டுக்கொள்கிறது. தானே படைத்தவன் தன் சொல்லுக்குக் கட்டுப்படாமல் போவது எப்படி? எழுத்தாளர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. டெய்லர் குழு 2003இல் புனைகதை எழுதும் 50 பேரிடம் கேட்டபோது, தங்கள் பாத்திரங்கள் தாமாகவே பேசுவதாகவும் தாங்கள் நினைக்காத பக்கம் போவதாகவும் ஏதோ ஓர் அளவில் உணர்ந்ததாக 92 சதவீதத்தினர் சொன்னார்கள். ஒரு மனிதரைப் பற்றித் திரும்பத் திரும்ப எண்ணிப் பழகிவிட்ட மனம், பிறகு முயற்சி எடுக்காமலேயே அவர் சார்பில் பேசத் தொடங்கிவிடுகிறது. அது தன் பேச்சு என்றே அதற்குத் தோன்றுவதில்லை. ஆகவே "அவன்தான் சொன்னான்" என்று பிள்ளை சொல்லும்போது அது பொய் சொல்லவில்லை. தனக்குத் தோன்றியதைத் தோன்றியபடியே சொல்கிறது.

அமெரிக்கக் குழந்தைகளின் கணக்கு காவிரிப் பாசனத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் அன்டோனியா மில்ஸ் 2003இல் எழுதிய ஒப்பீட்டுக் கட்டுரை இதைத் தொடுகிறது. அமெரிக்காவில் கற்பனைத் தோழன் உள்ள குழந்தைகளையும், இந்தியாவில் முற்பிறவி நினைவு இருப்பதாகச் சொல்லப்படும் குழந்தைகளையும் அவர் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஒருவரைப் பற்றிக் குழந்தை பேசினால் அங்கே பெரியவர்கள் கற்பனை என்கிறார்கள். இங்கே அது ஆவியாகவோ போன பிறவியின் மனிதராகவோ இருக்கலாம் என்கிறார்கள். வயது வந்தவர்களின் நோயிலும் இப்படி ஒரு வேறுபாடு தெரிகிறது. மானிடவியலாளர் டான்யா லூர்மன் குழுவினர் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆய்வில், மனச்சிதைவு நோயால் குரல் கேட்பவர்களை அமெரிக்காவின் சான் மேட்டியோவிலும் கானாவின் அக்ராவிலும் சென்னையிலும் ஊருக்கு 20 பேராகப் பேட்டி கண்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத, மிரட்டும் குரல்கள் கேட்டன. சென்னையில் பாதிப்பேருக்கும் மேல் கேட்டவை சொந்தக்காரர்களின் குரல்கள், அதுவும் இதைச் செய், அதைச் செய் என்று வீட்டு வேலை சொல்லும் குரல்கள். குழந்தையின் விளையாட்டு நோய் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காணாத ஒருவர் என்ன வடிவில் வருவார் என்பதை நாம் வளர்ந்த வீடும் ஊரும் தீர்மானிக்கின்றன என்பதற்கு மட்டுமே அதை இங்கே சொல்கிறேன்.

டெல்டாவில் அந்த வீடும் ஊரும் காணாதவரோடு பழகுவதில் கைதேர்ந்தவை. இளம் வயதில் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரியாக வணங்கி, புதுத் துணியும் பூவும் வைத்துப் படைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தூக்கத்தில் சிரிக்கும் பச்சைப் பிள்ளைக்கு நரி விளையாட்டுக் காட்டுகிறது என்பார்கள். திருவாரூரில் சுந்தரர் சிவபெருமானுக்கே தோழர், அதனால்தான் தம்பிரான் தோழர் என்று பெயர். அந்தத் தோழமையில் கெஞ்சலும் உண்டு, சண்டையும் உண்டு, இரவில் மனைவி பரவையார் வீட்டுக்குத் தூது போகச் சொல்லும் உரிமையும் உண்டு. குண்டையூரில் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோக ஆள் இல்லை என்று அவர் திருக்கோளிலி இறைவனிடம் முறையிட்டார். பூதங்கள் இரவோடு இரவாக அதைச் சுமந்து சேர்த்தன. திருக்குவளைப் பக்கத்தில் மாசி மாதத்தில் இன்றும் அதை விழாவாகவே நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட மண்ணில் பிள்ளையின் காணாத தோழன் அந்நியன் இல்லை. அவனுக்கு உட்கார இடம் எப்போதோ தயாராகிவிட்டது. அதனால் வரும் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

சீர்காழிக் கதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். தந்தை சிவபாத இருதயர் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீரில் மூழ்கினார். அப்பாவைக் காணாமல் பிள்ளை தோணிபுரத்துச் சிகரத்தைப் பார்த்து அழுதது. அம்மை வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். கரையேறிய தந்தை, பிள்ளையின் வாயோரம் பாலைக் கண்டு, யார் கொடுத்த எச்சில் பாலை உண்டாய் என்று கோலை ஓங்கினார். பிள்ளை மேலே கைநீட்டிக் காட்டிப் பாடியது. ஞானசம்பந்தரின் முதல் பதிகம் பிறந்த தருணம் அது. ஆண்டுதோறும் சித்திரையில் சீர்காழியில் திருமுலைப்பால் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். நாரையூரையும் காழியையும் சேர்த்துப் பார்த்தால், காணாத துணை எப்போது வருகிறது என்பது பளிச்சென்று தெரியும். அப்பா தண்ணீருக்குள் மறைந்தபோது வருகிறது. அப்பா ஊருக்குப் போய், தன் வயதுக்கு மீறிய பொறுப்பு தலையில் விழுந்தபோது வருகிறது. ஆசிரியரின் பிரம்புக்குப் பயந்தபோது வருகிறது. தனிமை, பயம், சுமை என்று இன்றைய உளவியல் பட்டியலிடும் காரணங்களில் முக்கியமானவை இந்த இரண்டு கதைக்குள்ளேயே இருக்கின்றன. வெறும் குதூகலத்தால் தோழன் வருவதும் உண்டு, அதைக் கதைகள் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினோராம் திருமுறையில் நம்பியாண்டார் நம்பியின் நூல்கள் பத்து இருக்கின்றன. அவற்றில் ஆறு ஞானசம்பந்தர் மீதே பாடப்பட்டவை. பிள்ளை சொன்னதைத் தந்தை உடனே நம்பாத ஒரு வாழ்க்கையைப் பற்றி, அதே போன்ற காணாத துணை வாய்த்தவராகக் கருதப்பட்ட ஒருவர் ஆறு முறை திரும்பி வந்து பாடியிருக்கிறார்.

புராணத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்று வரலாற்றாசிரியர் கேட்பார். நடந்ததற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. திருமுறை கண்ட புராணம், இராசராசன் நாரையூருக்கு வந்து, பிள்ளையார் உண்பதைக் கண்டு, நம்பியின் வழியே தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை மீட்டதாகச் சொல்கிறது. அந்த நூலுக்கும் இராசராசன் காலத்துக்கும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளி. மறைந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தேவாரப் பாடல்கள், அதாவது திருப்பதியம், அதற்கு முன்பே கோயில்களில் பாடப்பட்டது என்பதற்கு 9ஆம் நூற்றாண்டுத் திருவல்லம் கல்வெட்டு சாட்சி. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் 48 பேரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் நாளுக்கு முக்குறுணி நெல் அளக்கச் சொன்னது கல்லில் இருக்கும் செய்தி. பிள்ளையார் நைவேத்தியம் உண்டது அந்த வகைச் செய்தி அல்ல. ஆனால் ஒரு சமூகம் எந்தக் கதையைப் பாதுகாத்தது, அதில் யாரைச் சரி என்று வைத்தது என்பதற்குப் புராணத்தைவிட நல்ல சான்று கிடையாது. சீர்காழிக் கதையில் தவறிப்போகிறவர் பெரியவர்தான். கோலை ஓங்கியவர் கையைத் தாழ்த்த வேண்டியிருந்தது. பக்தர்களுக்கு இதில் மனவருத்தம் வரத் தேவையில்லை. அம்மை வந்தாள் என்று நம்புகிறவருக்கும், வந்ததாகப் பிள்ளை உணர்ந்தது என்று நினைக்கிறவருக்கும், அந்தக் கோலைப் பற்றிய முடிவு ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

எதிர்த்திசையிலிருந்து ஒரு கேள்வி வரும். பிள்ளைக்குத் தெரிந்திருக்க வழியே இல்லாத செய்தியை அந்தத் தோழன் சொன்னதாக வைத்துக்கொள்வோம், அப்போதும் கற்பனைதானா? வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இப்படிப்பட்ட பேச்சுகளைப் பல்லாண்டு சேகரித்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் அவர் விசாரித்த சில பிள்ளைகளின் கதைகள் 1966இல் வெளிவந்த நூலில் இருக்கின்றன. அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம், கடுமையாக உழைத்தவர். இந்தச் சேகரிப்பின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அவர் போய்ச் சேர்வதற்குள், பிள்ளையின் குடும்பமும் இறந்தவரின் குடும்பமும் சந்தித்துப் பேசி முடித்திருந்தன. பிள்ளை சொன்னது எது, பெரியவர்கள் பேசிப் பேசிச் சேர்ந்தது எது என்று பிரிக்கவே முடியாது. டெல்டாக் கிராமத்தில் யார் வீட்டில் எப்போது என்ன சாவு நடந்தது என்பது ஊருக்கே தெரியும். திண்ணையில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தரையில் விளையாடும் பிள்ளை எதையும் கேட்காமல் விடுவதில்லை. உண்மையாகவே சோதிக்க விரும்புகிறவர் செய்ய வேண்டியது எளிமையானது. பிள்ளை சொன்னதை, சரிபார்ப்பதற்கு முன்பே, சொன்ன சொல் மாறாமல், தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவைத்த வழக்குகள் மிகமிகக் குறைவு. அந்த நிலையில் ஆவிதான் என்று முடிவுகட்டி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அதன் மேல் வைக்க எனக்கு மனம் வராது.

ஏனென்றால் பெரியவர்கள் நம்பினால் பிள்ளையும் நம்பும். டெக்சாஸில் ஜாக்குலின் வுல்லி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை தரும் சூனியக்காரி ஒருத்தி இருப்பதாகச் சிறு குழந்தைகளுக்குச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முற்றிலும் புதிய பாத்திரம் அது. பெற்றோரே இரவில் மிட்டாயை எடுத்துவிட்டுப் பொம்மையை வைத்தார்கள். காலையில் அதைக் கண்ட பிள்ளைகளில், கூடுதல் வயதானவர்களின் நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டது. இதை நம் ஊர் நடப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். சும்மா விளையாட்டு என்று தனக்குத் தெரிந்திருந்த பிள்ளையை உட்காரவைத்து, வேப்பிலை அடித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டி, "அது இனிமேல் வராது" என்று சொல்லும்போது, அது இருந்தது என்று பெரியவர்களே பிள்ளைக்குச் சாட்சி சொல்கிறார்கள். நேற்றுவரை தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழன் இன்று இருட்டில் நிற்கும் முனியாகிவிடுகிறான். அப்பாயியின் பயம் அன்பிலிருந்து வருவது, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் அந்தப் பயம் பிள்ளைக்குள் இறங்கிய பிறகு, மந்திரித்த கயிற்றால் அதை வெளியே எடுக்க முடிவதில்லை. பொய் சொல்லாதே என்ற அதட்டலும் தோழனைப் போக்குவதில்லை. அவனைப் பற்றிப் பிள்ளை நம்மிடம் பேசுவதைத்தான் நிறுத்துகிறது.

பேசாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இறப்பு நடந்த வீடுகளில் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகையில் அன்னை சத்யா அரசு இல்லம் உருவானது. அம்மாவையோ அண்ணனையோ இழந்த பிள்ளை அவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் அது நோயா? தாயையோ தந்தையையோ இழந்த 125 குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் ஃபிலிஸ் சில்வர்மன் குழுவினர் செய்த ஆய்வு 1992இல் வெளிவந்தது. அவர்களில் பாதிப்பேருக்கும் மேல் இறந்தவரோடு பேசுவதாகச் சொன்னார்கள். தங்களை அவர் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பெரும்பாலோர் உணர்ந்தார்கள். போனவரை மறக்கச் செய்வதுதான் துக்கத்துக்கு மருந்து என்ற பழைய எண்ணத்தைத் தளர்த்திய ஆய்வுகளில் அது ஒன்று. பூவாடைக்காரிக்குத் துணி வைத்துப் படைக்கும் குடும்பத்துக்கு இது புதிய செய்தி இல்லை. பெரியவர்களுக்குக் கொடுத்திருக்கும் அந்த உரிமையைப் பிள்ளைக்கும் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. அம்மா என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்தப் பிள்ளை சுமந்திருப்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எல்லாத் தோழர்களும் தீங்கற்றவர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளை அவனைக் கண்டு நடுங்கினால், உன்னை அடித்துக்கொள், பிறரை அடி என்று அவன் சொல்வதாகச் சொன்னால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், விளையாட்டு என்ற உணர்வே போய்விட்டால், பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் புதிதாகக் குரல் கேட்பதாகச் சொன்னால், மருத்துவரிடம் போக வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "அவன்தான் என்னைத் தொட்டான்", "ரகசியம் என்று சொன்னான்" என்று பிள்ளை ஒரு காணாதவன் மேல் பழி சொல்லும்போது, சில சமயம் அந்த "அவன்" சதையும் எலும்புமாக அதே தெருவில் இருக்கிறான். பயத்தில் பெயர் மாற்றிச் சொல்கிறது பிள்ளை. கற்பனை என்று சிரித்தவரும் பேய் என்று மந்திரித்தவரும் ஒருசேரத் தவறவிடும் இடம் இது. அங்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தொலைபேச வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு நிறுவனம் கட்டத் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. தோழன் வந்து சேரும் வயது அங்கே சத்துமாவு வாங்க வரும் வயதுதான். பணியாளர் மாதந்தோறும் எடையும் உயரமும் பார்த்துக் குறிக்கிறார். அப்போதே பிள்ளையிடம், உன்னோடு விளையாட யாரெல்லாம் வருகிறார்கள், அவர்களில் எங்கள் கண்ணுக்குத் தெரியாதவர் யாராவது உண்டா, அவர் உன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று கேட்டு, பிள்ளை சொன்ன சொல்லிலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அந்த வரியைத் தாயிடம் எப்படிச் சொல்வது, எந்தப் பதில் வந்தால் யாரிடம் அனுப்புவது என்பதற்கு ஒருநாள் பயிற்சி போதும். சீர்காழியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் உள்ள மையங்களிலேயே இதைத் தொடங்கலாம்.